காற்றைக் கற்கச் சென்றவர்கள்



தளேகாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் உங்களுக்கு மேல்காற்றை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனி மாதத்தில் அரபிக் கடலிலிருந்து எழுந்து வரும் அக்காற்று சஹ்யாத்திரி மலைத்தொடரில் மோதி, கண்டாளாவிலும் லோணாவ்ளாவிலும் தன் நீர்ச்சுமையை இறக்கிவிட்டு, எஞ்சிய ஈரத்தோடு தளேகாவின் மேட்டு நிலத்தைக் கடந்து புணேயை நோக்கிச் செல்கிறது. அங்கே பெய்யும் மழையில் ஒரு பகுதி இந்திராயணி ஆறாகத் திரண்டு, தேஹூவையும் ஆளந்தியையும் தழுவி, பீமா நதியில் கலந்து, அதனோடு கிருஷ்ணையைச் சேர்ந்து, தக்காணத்தைக் குறுக்கே கடந்து வங்கக் கடலில் விழுகிறது. மேற்கே மலைச்சரிவுக்கு அப்பால் ஒரு கடல் இருக்க, அதை விட்டுக் கிழக்கே நெடுந்தொலைவிலுள்ள கடலைத் தேடிப் போகும் ஆறு அது.

அவ்வாறே, வீட்டு வாயிலில் கடல் இருக்க, வேறு கடல்களைத் தேடிச் சென்ற நான்கு இளைஞர்களைப் பற்றி இப்பேச்சில் சொல்ல எண்ணுகிறேன். 2021ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் அவர்கள் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அவ்வாண்டு ஒலிம்பிக் போட்டிக்காக ஜப்பானைச் சென்றடைந்த முதல் இந்திய அணி அவர்களுடையதே. நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன், கே. சி. கணபதி, வருண் தக்கர் என்பன அவர்கள் பெயர்கள். நால்வரும் பாய்மரப் படகு வீரர்கள். விஷ்ணு வேலூரில் பிறந்து தரைப்படையில் பணியாற்றுபவர். மற்ற மூவரும் சென்னைக் கடலில் படகு செலுத்தப் பழகியவர்கள். எனினும் அன்று அவர்கள் சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ புறப்பட்டு வரவில்லை, ஐரோப்பாவிலிருந்து வந்தார்கள். நேத்ரா ஸ்பெயினிலும், விஷ்ணு மால்டாத் தீவிலும், கணபதியும் வருணும் போர்ச்சுகலிலும் பயிற்சி பெற்றுவிட்டு நேரே போட்டிக் களத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இச்செய்தியைக் கேட்டதும் நம்மவரிடையே ஓர் ஐயம் எழுவது இயல்பு. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரையை உடைய தமிழ்நாட்டுப் பிள்ளைகள் படகு விடப் பழகுவதற்கு ஐரோப்பாவுக்குப் போகவேண்டுமா? கட்டுமரம் என்ற சொல்லையே உலகுக்கு வழங்கியவர்கள் நாம் அல்லவா? இக்கேள்வியில் நியாயம் உண்டு. இதற்கு விடை காணவேண்டுமானால், இவ்விளையாட்டின் இயல்பையும், நம் நாட்டில் அது வளர்ந்த வரலாற்றையும் சற்றே பார்க்கவேண்டும்.

பாய்மரப் படகில் இயந்திரம் இல்லை, துடுப்பும் இல்லை. பாய், சுக்கான், படகின் அடியில் நீருக்குள் இறங்கி நிற்கும் பலகை, வீரனின் உடல் எடை ஆகிய நான்கே அதன் கருவிகள். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது படகு முன்னே செல்வது எவருக்கும் விளங்கும். காற்று எதிரே வீசும்போதும் அது முன்னேறுவதுதான் இக்கலையின் நுட்பம். வளைந்த பாயின் மீது காற்று வழுக்கிச் செல்லும்போது, பறவையின் சிறகில் தோன்றுவது போன்ற ஓர் இழுவிசை அதில் தோன்றுகிறது. அவ்விசை படகைப் பக்கவாட்டில் தள்ள முயல்கிறது. அடிப்பலகை அதைத் தடுக்கிறது. எஞ்சிய விசை படகை முன்னே செலுத்துகிறது. ஆயினும் காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாய்மரமும் செல்லாது. ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகைக் கோணத்தில் ஒரு பக்கம் சாய்ந்து சென்று, திரும்பி, மறுபக்கம் சாய்ந்து சென்று, மலைப்பாதையில் வண்டி ஏறுவது போல வளைந்து வளைந்துதான் மேலேறவேண்டும்.

எந்த இடத்தில் திரும்புவது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. காற்று ஒரே திசையிலிருந்து சீராக வீசுவதில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஐந்து பாகை, பத்துப் பாகை இடம் மாறுகிறது. கரையிலுள்ள குன்றும் கட்டடமும் அதைத் திருப்பிவிடுகின்றன. நீரின் மேற்பரப்பில் கருமையாகத் தெரியும் திட்டு வலுத்த காற்று வருவதைக் காட்டுகிறது. அடியில் ஓடும் நீரோட்டமோ கண்ணுக்கே தெரியாது. இவற்றையெல்லாம் ஒருவன் படகில் அமர்ந்தபடி, உடலைப் படகின் விளிம்புக்கு வெளியே சாய்த்துத் தாங்கியபடி, நொடிக்கு நொடி கணித்துக்கொண்டிருக்கவேண்டும். ஒரு பந்தயம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது நீடிப்பதும் உண்டு; ஒரே நாளில் இரண்டு மூன்று பந்தயங்கள் நடைபெறும். முதலில் வந்தவருக்கு ஒரு புள்ளி, இருபதாவதாக வந்தவருக்கு இருபது புள்ளி என்று கணக்கிட்டு, ஒவ்வொருவரும் மிகவும் பின்தங்கிய ஒரு பந்தயத்தை மட்டும் கழித்துவிட்டு, குறைந்த புள்ளி பெற்றவரையே வெற்றியாளராக அறிவிக்கிறார்கள். ஆகவே ஒரு நாள் அதிர்ஷ்டத்தால் இங்கே எவரும் பதக்கம் பெற இயலாது.

நேத்ராவும் விஷ்ணுவும் செலுத்துவது லேசர் என்று வெகுகாலம் வழங்கிய சிறு படகு. கனடா நாட்டினரான புரூஸ் கிர்பி வரைந்த இப்படகு 1971இல் விற்பனைக்கு வந்தது. 1996இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 2019 முதல் இல்கா என்ற பெயர் பெற்றது. இதன் நீளம் 4.23 மீட்டர். ஆடவருக்கு 7.06 சதுர மீட்டர் பாயும், மகளிருக்கு அதனினும் சிறிய பாயும் உண்டு. ஒலிம்பிக்கில் இவ்வகைப் படகுகளைப் போட்டி நடத்துவோரே எல்லாருக்கும் ஒரே மாதிரியாக வழங்குகிறார்கள். செல்வ நாட்டுக்கு விரைவான படகு, ஏழை நாட்டுக்கு மெதுவான படகு என்ற வேறுபாடு அங்கே இல்லை. படகு ஒன்றே, பாய் ஒன்றே, கடலும் ஒன்றே. வேறுபடுவது வீரனின் அறிவும் பழக்கமுமே. அவ்வாறிருக்க, ஒரு நாட்டினர் முன்னே செல்வதும் மற்றொரு நாட்டினர் பின்தங்குவதும் எதனால்? இதை மனத்தில் இருத்திக்கொண்டு பழைய வரலாற்றுக்கு வருவோம்.

காற்றின் இயல்பறிந்து கலம் செலுத்துவது தமிழருக்குப் புதிதன்று. கரிகாலனின் முன்னோர் காற்றை ஏவல் கொண்டு கடலோடியவர்கள் என்று வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் போற்றியிருக்கிறார். நம் மீனவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு, அதன் குணத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருக்கிறார்கள். சோழமண்டலக் கரையில் தாம் கண்ட கட்டுமரத்தைப் பற்றி வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். அச்சொல்லே திரிந்து இன்று இரட்டையுடல் படகுகளுக்கெல்லாம் பெயராக வழங்குகிறது. 2016 முதல் ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் சேர்ந்து செலுத்தும் ஒரு போட்டியும் அவ்வகைப் படகுக்கு உரியதே.

ஆயினும் பிழைப்புக்காகக் கடலில் செல்வது வேறு. விதிகளுக்குட்பட்டுப் போட்டியிடுவது வேறு. பின்னது நம் நாட்டுக்கு ஆங்கிலேயரோடு வந்தது. பம்பாயில் 1846இல் ஒரு படகுக் கழகம் தோன்றியது. சென்னையில், துறைமுகத்தின் அமைப்பை மாற்றிப் புதுப்பித்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவர் 1911இல் தோற்றுவித்த கழகமே பின்னர் ராயல் மெட்ராஸ் படகுக் கழகம் எனப் புகழ்பெற்றது. வெகுகாலம் வரை அது அதிகாரிகளும் வணிகர்களும் மாலைப்பொழுதைக் கழிக்கும் இடமாகவே இருந்தது. விடுதலைக்குப் பின் 1960இல் இந்தியப் படகுச் சங்கம் அமைந்தது. முப்படைகளும் இவ்விளையாட்டை வளர்க்க முன்வந்தன.

ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோடு இந்தியா முதலில் களமிறங்கியது 1972இல். மியூனிக் நகரில் நடந்த அவ்விழாவின் படகுப் போட்டிகள் வடக்கே கீல் துறைமுகத்தில் நடைபெற்றன. அங்கே சோலி காண்ட்ராக்டரும் பாசித்தும் இணைந்து போட்டியிட்டார்கள். பின்னர் 1984, 1988, 1992 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் பரூக் தாராபூர் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய துணைவரோடு கலந்துகொண்டார். 2004இல் மாலவ் ஷ்ராப், சுமீத் படேல் இருவரும், 2008இல் நச்சத்தர் சிங் ஜோகலும் சென்றார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே படகுதான். 2012இலும் 2016இலும் அந்த ஒரு படகும் இல்லை. அரை நூற்றாண்டுக் காலத்தில் ஒன்பது ஆடவர். பெண் ஒருவரும் இல்லை. இதுவே டோக்கியோவுக்கு முந்திய நமது கணக்கு.

இக்காலத்தின் நடுவே ஒரு நிகழ்ச்சி நம் கவனத்துக்கு உரியது. 1982இல் புது டில்லி ஆசிய விளையாட்டு விழாவை நடத்தியபோது, கடல் இல்லாத தலைநகரம் படகுப் போட்டியைப் பம்பாய்க்கு அனுப்பிவைத்தது. அங்கே தாராபூரும் சரீர் கரஞ்சியாவும் பயர்பால் வகைப் படகில் தங்கப் பதக்கம் வென்றார்கள். பலி உன்வாலாவும் ஜீஜா உன்வாலாவும் எண்டர்பிரைஸ் வகையில் வெள்ளி பெற்றார்கள். அதே தாராபூர் இரண்டாண்டுக்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்குச் சென்றபோது முன்வரிசைக்கு வர இயலவில்லை. எதிர்நின்றவர்கள் ஆசியாவினும் வலியவர்கள் என்பது உண்மைதான். அதோடு, பம்பாய்த் துறைமுகத்தின் ஏற்றவற்றமும் பிற்பகலில் எழும் கடற்காற்றும் அவருடைய உள்ளங்கை நெல்லிக்கனி. பசிபிக் கரையின் அலையும் காற்றும் அவ்வாறல்ல. சொந்த நீரை அறிந்தவனுக்கு அந்த நீரே பாதித் துணை. அப்படியானால் அயல்நீரில் போட்டியிட வேண்டியவன் அதையும் ஓரளவு சொந்த நீராக்கிக்கொள்ள வேண்டாமா? வெளிநாட்டுப் பயிற்சி முகாமின் அடிப்படை இக்கேள்வியே.

சென்னையில் புதிய தலைமுறை வளர்ந்தது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில். தமிழ்நாடு படகுச் சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி அளித்தது. 2.3 மீட்டர் நீளமுள்ள, பெட்டி போன்ற ஆப்டிமிஸ்ட் படகில் சிறுவர் சிறுமியர் தனியே அமர்ந்து, துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்குள் பாயை விரித்தார்கள். நேத்ரா அவ்வாறு ஒரு கோடைப் பயிற்சியில் சேர்ந்தவர்தாம். பயன் விரைவில் தெரிந்தது. 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் வர்ஷா கௌதம், ஐஸ்வர்யா நெடுஞ்செழியன் என்ற இரு சென்னைப் பெண்கள் வெண்கலம் வென்றார்கள். 2018இல் ஜகார்த்தாவில் வர்ஷா, சுவேதா சேர்வேகரோடு இணைந்து வெள்ளி பெற்றார். வருணும் கணபதியும் வெண்கலம் பெற்றார்கள்.

ஆசியாவில் பதக்கம் பெற்ற பின் அவர்களுக்கு எதிரே நின்ற மலை வேறு. சென்னைத் துறைமுகத்தில் ஒரே வகைப் படகில் அவர்களோடு ஈடுகொடுத்து ஓட்டக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஒலிம்பிக் தொடக்கக் கோட்டிலோ நாற்பது படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். அந்நெரிசலில் முதல் ஒரு நிமிடத்தில் தெளிந்த காற்றுள்ள இடத்தைப் பிடிக்காதவன், முன்னே செல்லும் பாய்கள் கலக்கிவிட்ட காற்றிலே சிக்கி, பந்தயம் முழுவதும் பின்னேயே செல்லவேண்டியதுதான். நான்கு படகோடு பழகியவன் நாற்பது படகின் நடுவே என்ன செய்வான்? சங்கீதம் பயில்பவன் தனியறையில் எத்தனை ஆண்டு சாதகம் செய்தாலும், தேர்ந்த வித்துவான்களோடு மேடையில் அமர்ந்தால்தான் கச்சேரி கைவரும். அது போன்றதே இது. வலிய எதிராளிகள் எங்கே கூடுகிறார்களோ அங்கே சென்று, அவர்களிடம் நாள்தோறும் தோற்றுத்தான் கற்கவேண்டும்.

நேத்ரா சென்றது ஸ்பெயினுக்குரிய கிரான் கனாரியாத் தீவுக்கு. ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் உள்ள அத்தீவில் வடகிழக்கு வாணிபக் காற்று ஆண்டில் பெரும்பகுதி விடாது வீசுகிறது. ஐரோப்பாவின் வடபகுதிகள் பனியில் உறையும் மாதங்களில் பல நாட்டு வீரர்களும் அங்கே வந்து கூடுகிறார்கள். அங்கே அங்கேரி நாட்டவரான தமாஸ் எசெஸ் என்ற பயிற்சியாளரிடம் அவர் பயின்றார். 2020 ஜனவரியில் மயாமி நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்று, அப்போட்டிகளில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற சிறப்பை அடைந்தார். விஷ்ணு அதற்கு முந்திய ஆண்டிலேயே குரோயேஷியாவின் ஸ்பிளிட் நகரில் நடந்த இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் வெண்கலம் வென்றிருந்தார். கணபதியும் வருணும் செலுத்திய படகு நாற்பத்தொன்பதர் எனப்படும் இருவர் படகு. கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் நீளமே உள்ள அது விரைவில் குதிரையையும் துள்ளலில் காளையையும் ஒத்தது. அவர்கள் பயிற்சிக்குத் தேர்ந்த இடம் லிஸ்பன் நகருக்கு மேற்கே உள்ள கஷ்காயிஷ். அங்கே கோடையில் வடகாற்று வலுத்து வீசும். அட்லாண்டிக்கின் நீண்ட அலை கரையை நோக்கிப் புரண்டு வரும்.

முகாமின் நாள் விடியற்காலை உடற்பயிற்சியோடு தொடங்குகிறது. ஆடவர் செலுத்தும் லேசர் படகுக்கு ஏறத்தாழ எண்பது கிலோ எடையுள்ள உடல் ஏற்றது. மெலிந்தவர் வலுத்த காற்றில் படகை நிமிர்த்திப் பிடிக்க இயலாது தவிப்பார். ஆகவே உணவும் பயிற்சியின் ஒரு பகுதியே. காற்று நிலைபெற்றதும் படகுகள் நீரில் இறங்குகின்றன. பயிற்சியாளர் விசைப்படகில் உடன் செல்கிறார், மிதவைகளை இட்டு, ஊதலை ஊதி, தொடக்கம் ஒன்றையே பத்து முறை, இருபது முறை செய்யச் சொல்கிறார், படம் பிடிக்கிறார். உடலில் உப்புப் பூத்துக் கரையேறியவர்கள் மாலையில் அப்படத்தைப் பார்த்துத் தம் தவறுகளைத் தாமே எண்ணுகிறார்கள். மறுநாளும் அவ்வாறே. மாதக்கணக்கில் வேறு வாழ்க்கை இல்லை. சோற்றுக்கும் சொந்த மொழிக்கும் ஏங்கும் அந்நாட்களின் தனிமையை, ஊரை விட்டு வந்து பிழைக்கும் நீங்கள் எளிதில் உணர்வீர்கள்.

பொருட்செலவும் சிறியதன்று. இருவர் படகில் போட்டியிடுவோர் தம் படகைத் தாமே கடல்கடந்து கொண்டுசெல்லவேண்டும். பயிற்சியாளர் ஊதியம், தங்குமிடம், பயணம் என்று செலவு பெருகும். 2014இல் மைய அரசு தொடங்கிய ஒலிம்பிக் பதக்க மேடை இலக்குத் திட்டம் தேர்ந்த சிலருக்கு இச்செலவில் கைகொடுத்தது. அத்தேர்வுக்கு முன்னுள்ள ஆண்டுகளின் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் குடும்பமே. அச்சுமையைத் தாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு வழி எது என்ற கேள்வி இன்றும் நம் முன் நிற்கிறது.

2020இல் கொரோனா நோய் உலகெங்கும் பரவி, ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. மூடிய துறைமுகங்களும் நிறுத்தப்பட்ட விமானங்களும் இவ்விளையாட்டை வெகுவாகப் பாதித்தன. 2021 ஏப்ரலில் ஓமான் நாட்டின் முசன்னாவில் ஆசியத் தகுதிப் போட்டி நடைபெற்றது. ஏப்ரல் 7ஆம் நாள் நேத்ரா தகுதி பெற்றார். ஒலிம்பிக் படகுப் போட்டிக்குச் செல்லும் முதல் இந்தியப் பெண் அவரே. மறுநாள் விஷ்ணுவும், கணபதி, வருண் இணையும் தகுதி பெற்றார்கள். ஒரே ஒலிம்பிக்கில் இந்தியா மூன்று படகுப் போட்டிகளில் கலந்துகொள்ளப் போவது அதுவே முதல் முறை. இடையில் இருந்த மூன்று மாதங்களில் இரண்டாம் அலையின் கொடுமை நம் நாட்டைச் சூழ்ந்தது. அக்காலத்தில் ஐரோப்பிய முகாம் இல்லையெனில் அவர்களுக்குப் பயிற்சியே இருந்திராது என்பதை மறத்தலாகாது.

போட்டி நடந்த இடம் எனோஷிமா. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காகவே அமைந்த அத்துறை சகாமி வளைகுடாவில் உள்ளது. பசிபிக் பெருங்கடலின் நீண்ட அலைகள் தடையின்றி அங்கே நுழைகின்றன. முடிவில் விஷ்ணு 35 பேரில் 20ஆம் இடத்தையும், நேத்ரா 44 பேரில் 35ஆம் இடத்தையும், கணபதி, வருண் இணை 19 படகுகளில் 17ஆம் இடத்தையும் பெற்றார்கள். பதக்கம் இல்லை, பதக்கத்துக்கு அருகிலும் இல்லை. இத்தனை செலவும் பயணமும் இதற்குத்தானா என்று சிலர் கேட்கக்கூடும்.

அவர்களுக்குச் சைப்ரஸ் தீவின் கதையைச் சொல்லலாம். அக்குடியரசின் மக்கள்தொகை புணே நகரத்தினதைவிடக் குறைவு. அங்கே பிறந்த பாவ்லோஸ் கொண்டிதிஸ் என்ற இளைஞர் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் லேசர் படகில் வெள்ளி வென்றார். சைப்ரஸ் நாடு ஒலிம்பிக்கில் கண்ட முதல் பதக்கம் அது. அவர் தம் தீவிலேயே இருந்து அதைப் பெற்றுவிடவில்லை. குரோயேஷியப் பயிற்சியாளரான யோசோ யகேலிச்சிடம், குரோயேஷிய வீரரான தோன்சி ஸ்திபானோவிச்சோடு சேர்ந்து பயின்றார். அந்த ஸ்திபானோவிச் பின்னர் 2016இலும் டோக்கியோவிலும் வெள்ளி பெற்றார். கொண்டிதிஸ் 2024இல் மீண்டும் வெள்ளி பெற்றார். களத்தில் எதிரிகள், பயிற்சியில் தோழர்கள். ஒருவர் வளர மற்றவர் தேய்ந்துவிடவில்லை, இருவரும் வளர்ந்தார்கள். சிறிய நாடுகள் இவ்விளையாட்டில் முன்னேறிய வழி இதுதான். அதற்கு ஆண்டுகள் பல ஆயின.

நம்மவர் கணக்கையும் அவ்வாறே நீண்ட நோக்கில் பார்க்கவேண்டும். 2023இல் சீனாவில் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் விஷ்ணு வெண்கலம் வென்றார். 2024 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் நடந்த உலகப் போட்டியில் 26ஆம் இடம் பெற்று, அதன் மூலம் பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். அவ்வாண்டு ஏப்ரலில் பிரான்சின் இயேர் நகரில் நடந்த இறுதித் தகுதிப் போட்டியில் நேத்ராவும் தகுதி பெற்றார். பாரிஸ் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் மத்தியதரைக் கடலோரத்து மார்சேய் நகரில் நடைபெற்றன. முதற் பந்தயத்தில் நேத்ரா ஆறாவதாகவும், விஷ்ணு பத்தாவதாகவும் இலக்கைக் கடந்தார்கள். அந்த வேகம் கடைசிவரை நிலைக்கவில்லை. காற்று ஓய்ந்து படகுகள் காத்துக் கிடந்த நாட்களும் அங்கே இருந்தன. ஆயினும் முடிவில் விஷ்ணு 18ஆம் இடத்திலும், நேத்ரா 21ஆம் இடத்திலும் நின்றார்கள். முப்பத்தைந்திலிருந்து இருபத்தொன்றுக்கு வருவது மூன்றே ஆண்டில் நேத்ரா ஏறிய பதினான்கு படிகள். கற்பதற்குக் காலம் பிடிக்கும். கற்றால் பலிக்கும் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

கடலருகே பிறந்தவர்க்கே இது உரியதென்றும் எண்ணிவிடவேண்டாம். ஹாங்சோ விழாவில் இந்தியா பெற்ற மூன்று படகுப் பதக்கங்களுள் விஷ்ணுவின் பதக்கம் போக மற்ற இரண்டும் கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்துக்குச் சென்றன. தேவாஸ் மாவட்டத்து உழவர் மகளான நேஹா தாக்கூர் வெள்ளி பெற்றார். இபாத் அலி பாய்ப்பலகைப் போட்டியில் வெண்கலம் பெற்றார். இருவரும் பயின்ற நீர் போபால் நகரின் பெரிய ஏரி. போஜராஜன் பதினோராம் நூற்றாண்டில் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் ஏரி. ஹைதராபாதின் உசேன் சாகர் ஏரியில் ஆண்டுதோறும் மழைக்காற்றுக் காலத்தில் லேசர் படகுப் போட்டி நடைபெறுகிறது. புணேக்கு அருகே கடக்வாஸ்லா ஏரியில் தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் மாணவர்கள் பாய் விரித்துப் பழகுகிறார்கள். ஏரியின் காற்று நொடிக்கு நொடி மாறும் குணமுடையது. அதைப் படிக்கக் கற்றவனுக்குக் கடற்காற்று அடுத்த பாடமாகிறது. முதற்பாடத்துக்கு வீட்டருகே உள்ள நீர் போதும். முடிவான பாடத்துக்குத்தான் அயல்நாடு.

ஆகவே உள்நாட்டுப் பயிற்சியா, வெளிநாட்டுப் பயிற்சியா என்று ஒன்றை ஒன்றோடு மோதவிடுவது பொருந்தாது. அடித்தளம் இல்லாமல் வெளியே அனுப்பினால் செலவு வீண். அடித்தளத்தோடு நிறுத்திக்கொண்டால் ஆசியாவோடு நம் எல்லை முடியும். இவ்விரண்டுக்கும் மேலாக இன்னும் நிறைவேறவேண்டிய கடமை ஒன்று உண்டு. வெளிநாட்டு முகாமில் ஒருவர் பெற்ற அறிவு அவரோடு நின்றுவிடாமல், ஊர் திரும்பி, காசிமேட்டுச் சிறுவனுக்கும் தேவாஸ் சிறுமிக்கும் எட்டவேண்டும். கச்சானையும் வாடையையும் பிறப்பிலேயே அறிந்த மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் பெருந்தொகையாக இக்களத்தில் இறங்கவேண்டும். தொலைவூருக்குச் சென்று தொழில் கற்றவர் தம் பிறந்த ஊருக்குச் செய்யும் கைம்மாறு அந்தத் தொழிலை அங்கே நிலைபெறச் செய்வதே என்பதை, பட்டறைகளிலும் ஆலைகளிலும் உழைக்கும் தளேகாவ் தமிழர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அடுத்த மழைக்காற்றுக் காலத்தில் கடக்வாஸ்லாக் கரைப் பக்கம் போக நேர்ந்தால், உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வெண்பாய்களைக் காட்டுங்கள். ஒரு படகு காற்றுக்கு எதிரே வளைந்து வளைந்து எப்படி ஏறுகிறது என்பதை அவர்கள் கரையில் நின்றே பார்த்துவிடலாம். எந்த இடத்தில் அது திரும்புகிறது, ஏன் அங்கே திரும்புகிறது என்று அவர்கள் கேட்டார்களானால், முதற்பாடம் தொடங்கிவிட்டதென்று கொள்ளலாம்.